எஸ்விஜியா, கேன்வாஸா, வெப்ஜிஎல்லா?

பிரவுசரில் படம் வரைய எஸ்விஜி, கேன்வாஸ், வெப்ஜிஎல் என்ற வழிகள் உண்டு. அந்த வேலை வந்தாலே முதலில் "எது வேகம்?" என்றுதான் கேட்பார்கள். அதைவிட உருப்படியான கேள்வி, வரைந்த பிறகு அந்தப் படத்தை வைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்பது. கிளிக் செய்வார்களா, எழுத்தை காப்பி எடுப்பார்களா, பிரிண்ட் போடுவார்களா? ஆம் என்றால், வடிவங்களைக் குறியீடாக எழுதும் எஸ்விஜியில் தொடங்குங்கள். ஒவ்வொரு வட்டமும் கோடும் டாமில் (பக்கத்தின் உறுப்புகளை பிரவுசர் வைத்திருக்கும் மரம்) தனி உறுப்பாக இருப்பதால், கிளிக்கைப் பிடிக்கத் தனிக் கணக்கு வேண்டாம். எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது.

சில நூறு உறுப்புகள் வரை நிம்மதி. ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஒரே நேரத்தில் நகரும்போது அதே டாம் சுமையாகிவிடும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிசெகண்ட்தான், அதற்குள் வேலை முடியாமல் படம் திக்கும். அப்போது கேன்வாஸுக்குப் போகலாம்.

கேன்வாஸில் மிஞ்சுவது பிக்சல்கள் மட்டுமே. எதைத் தொட்டார்கள் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறைவான இன்னொரு கேன்வாஸில் ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு நிறம் கொடுத்து வரைந்து, கிளிக் விழுந்த இடத்தின் நிறத்தைப் படிப்பது பழைய உத்தி. ஆனால் ஓரங்களில் ஆன்டி-அலயாசிங் (விளிம்பை வழுவழுப்பாக்கும் வேலை) நிறங்களைக் கலந்துவிடும். சம்பந்தமே இல்லாத உருவம் சிக்கும். படித்த நிறம் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்த உருவம் உண்மையிலேயே அந்த இடத்தில்தான் இருக்கிறதா என்றும் சரிபார்க்க வேண்டும்.

"படம் மங்கலா இருக்கு" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. சிஎஸ்எஸ் அகலம் (பக்கத்தில் காட்டும் அளவு) வேறு, கேன்வாஸின் சொந்த அகலம் (அதற்குள் இருக்கும் பிக்சல்கள்) வேறு. இரண்டாவதைக் கொடுக்காவிட்டால் பிரவுசர் 300-க்கு 150 என்று எடுத்துக்கொள்ளும். 600 பிக்சல் அகலத்தில் காட்ட வேண்டும், டிவைஸ் பிக்சல் ரேஷியோ (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்துக்கு எத்தனை திரைப் பிக்சல்) 2 என்றால், சொந்த அகலத்தை 1200 ஆக்கிவிட்டு ஸ்கேலை 2 ஆக வையுங்கள். வரிசை முக்கியம்: அகலத்தை மாற்றினாலே படமும் ஸ்கேலும் அழிந்துவிடும். நினைவகத்தையும் பாருங்கள். ஒரு பிக்சலுக்கு 4 பைட். 3840-க்கு 2160 கேன்வாஸ் ஒன்றுக்கே சுமார் 33 எம்பி.

லட்சக்கணக்கான புள்ளிகள் என்றால், ஜிபியுவை (கிராஃபிக்ஸ் சிப்) வைத்து வரையும் வெப்ஜிஎல். 2011-இல் வந்தது, ஷேடர் (ஜிபியுவில் ஓடும் சிறு நிரல்) எழுதத் தெரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும். ஜிபியு கான்டெக்ஸ்ட் (ஜிபியுவோடு உள்ள இணைப்பு) நடுவில் பறிபோகலாம், அதற்கான ஈவென்டைக் கையாளாவிட்டால் பயனர் பார்ப்பது வெற்றுத் திரை. தமிழ் லேபிள்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல ஒவ்வொரு யூனிகோட் குறியையும் தனிப்படமாக அடுக்கினால், "கொ" என்பதில் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் உட்காராது. புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். முழுச் சொல்லையும் 2டி கேன்வாஸில் எழுதி டெக்ஸ்சராக (ஜிபியு ஒட்டும் படமாக) ஏற்றுவது பிழைக்கும் வழி, ஃபான்ட் இறங்கி முடிந்த பிறகு.

லேபிள்கள் கொஞ்சம்தான் என்றால் அதுவும் வேண்டாம். கீழே வெப்ஜிஎல், மேலே எஸ்விஜி என்று இரண்டு அடுக்காக வைக்கலாம். மேல் அடுக்குக்கு பாயின்டர்-ஈவென்ட்ஸை (கிளிக்கை வாங்குமா என்று சொல்லும் சிஎஸ்எஸ் அமைப்பு) 'நன்' என்று வைக்க மறந்தால், கீழே இருக்கும் புள்ளிகளுக்கு ஒரு கிளிக்கும் போய்ச் சேராது.