கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா?

நான் மூளை ஆபரேஷன் தியேட்டர்ல (நியூரோ ஓ.டி.) அனஸ்தீசியா டெக்னீஷியன். மூளை ஆபரேஷன்னு சொன்னா எல்லாரும் சர்ஜனைப் பத்திதான் கேப்பாங்க, நமக்கு வேலை நடுவுல கட்டுற மறைப்புத் துணிக்கு இந்தப் பக்கம்.

அனியூரிசம் கேஸ்ல ரத்தக்குழாய் ஒரு இடத்துல பலூன் மாதிரி புடைச்சு நிக்கும், அதோட கழுத்துல சின்ன டைட்டானியம் க்ளிப் போட்டு மூடுவாங்க. போட்டதும் "ஐசிஜி ரெடியா?"ன்னு குரல் வரும். ஐசிஜின்னா இன்டோசயனின் கிரீன், ரத்தத்துல ஏத்துற சாயம், இன்ஃப்ராரெட்ல மின்னி ரத்தம் எங்க ஓடுதுன்னு காட்டும். 25 மில்லிகிராம் வயல் (சின்ன மருந்துக் குப்பி), கரும்பச்சைப் பொடி, அதோட வர்ற ஸ்டெரைல் வாட்டர்ல கலக்கணும், சலைன்ல கலக்கக் கூடாது. இதுல அயோடைடு இருக்கு, அதனால அலர்ஜி இருக்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சிருக்கணும். 1950கள்ல கோடாக் கம்பெனி போட்டோ வேலைக்காக உண்டாக்கின சாயமாம் இது, அப்புறம் லிவர் டெஸ்ட், கண்ணுன்னு சுத்திட்டு, 2003லதான் ஆண்ட்ரியாஸ் ராபே டீம் மூளை ஆபரேஷன்ல ரத்த ஓட்டம் பாக்கப் பயன்படுத்தினதை எழுதினாங்க.

முதல் தடவை நான் இந்த டையை (சாயத்தை) போட்டு ஃப்ளஷ் பண்ண கொஞ்ச நேரத்துல சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு, 100லேருந்து 96க்கு இறங்குச்சு. "சார் சாச்சுரேஷன்!"னு கத்திட்டேன். சீனியர் அண்ணன் திரும்பிக்கூட பாக்கல, "டேய் தம்பி, விரல்ல மாட்டுன ப்ரோப் வெளிச்சத்தை வெச்சுதான கணக்கு போடுது, டை அந்த வெளிச்சத்தைக் குடிக்குது, ஒரு நிமிஷம் பொறு"ன்னாரு. அதே மாதிரி ஏறிடுச்சு.

அன்னைக்கு நிஜமான பயம் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. லைட்டை எல்லாம் அணைச்சாச்சு, மைக்ராஸ்கோப் இன்ஃப்ராரெட் மோடுக்கு மாறிடுச்சு, மானிட்டர் கும்மிருட்டு. அரை நிமிஷம் யாரும் பேசல. அப்புறம் வாய்க்கால்ல தண்ணி திறந்துவிட்ட மாதிரி ஆர்ட்டரி ஒண்ணொண்ணா வெள்ளையா நிறைஞ்சு வருது, பின்னாடியே வெயின். நான் டெல்டாக்காரன், எனக்கு அப்படித்தான் தெரிஞ்சுது. ஆனா ஒரு சின்னக் கிளைக்கு மட்டும் தண்ணி வரல. ஆன்டீரியர் கோராய்டல்னாங்க, நூல் மாதிரி இருக்கும், அது அடைச்சா ஒரு பக்கம் கை கால் விழுந்துடும். வெறும் கண்ணுக்கு க்ளிப் அவ்வளவு கச்சிதமா உக்காந்திருந்துச்சு!

சர்ஜன் சார் ஒண்ணும் சொல்லல, க்ளிப்பைத் திறந்து துளி நகர்த்தினாரு. "இன்னொரு ஷாட்"னாரு. அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு, ஏன்னா மிச்சம் இருந்த பாதி மருந்தை நான் குப்பையில போட்டிருந்தேன். நல்லவேளை, பழைய டை லிவர் வழியா வெளிய போற வரைக்கும் எப்படியும் பத்து நிமிஷம் காத்திருக்கணும், இல்லன்னா பழசு எது புதுசு எதுன்னு தெரியாது. அதுக்குள்ள புது வயல் கலக்கிட்டேன். அண்ணன் பாத்த பார்வை மட்டும் இப்பவும் ஞாபகம் இருக்கு.

ரெண்டாவது தடவை அந்த நூலும் வெள்ளையாச்சு. ஆனாலும் சார் டாப்ளரும் (ரத்தம் ஓடுற சத்தத்தைக் கேக்குற கருவி) வெச்சுப் பாத்தாரு. கேமரா முன்னால தெரியுறதைத்தான் காட்டும், க்ளிப்புக்குப் பின்னாடி மறைஞ்சிருக்கறதை காட்டாது, இதை அன்னைக்குதான் கத்துக்கிட்டேன்.

மறுநாள், எனக்கு வார்டுல வேலையே கிடையாது, இருந்தும் போய் எட்டிப் பாத்தேன். ஆபரேஷன் ஆன அந்தம்மா ரெண்டு கையாலயும் போர்வையை இழுத்துவிட்டுட்டு இருந்தாங்க.

இப்பல்லாம் மிச்ச பாதி சிரிஞ்சுக்கு டைம் எழுதி லேபிள் ஒட்டி டிரேல வெச்சுட்டுத்தான் மறுவேலை. ஆறு மணி நேரம் வரைக்கும் தாங்கும்.