குரூப் 2 முதன்மைத் தேர்வும் முதல் ஃபுல் மராத்தானும்: ஒரே குளிர்காலத்தில் இரண்டுக்கும் தயாரான அனுபவம்

2024 செப்டம்பர் 14, சனிக்கிழமை. குரூப் 2 முதல்நிலைத் தேர்வு எழுதி முடித்தேன். ஞாயிறு முழுக்கத் தூங்கினேன். திங்கள் விடியற்காலை ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன், ஏனென்றால் ஜனவரி முதல் ஞாயிறு சென்னை மராத்தான், அதற்குச் சரியாக 16 வாரம்தான் இருந்தது. முதன்மைத் தேர்வு பிப்ரவரியில் வந்தது. பெருங்குடியில் முழுநேர வேலை வேறு. "ரெண்டுல ஒண்ணை விடுடி" என்று அம்மா சொன்னார், அலுவலகத் தோழிகள் சொன்னார்கள், பக்கத்து வீட்டு மாமிகூடச் சொன்னார். நான் விடவில்லை. இப்போது இதே எண்ணத்தோடு சில தங்கைகளும் தம்பிகளும் என்னிடம் கேட்பதால், எனக்கு எது உதவியது, எதில் அடிபட்டேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். நான் அதற்கு முன் இரண்டு ஹாஃப் மராத்தான் ஓடியிருந்தேன், ஒன்றரை வருடமாக வாரம் மூன்று நாள் ஓடும் பழக்கமும் இருந்தது. அந்த அடித்தளம் இல்லாமல் 16 வாரத்தில் 42.195 கிலோமீட்டருக்குப் போகாதீர்கள். அந்த வருடம் பத்து கிலோமீட்டர் ஓடுங்கள், அடுத்த வருடம் ஹாஃப். படிப்பிலும் பள்ளிப் பாடநூலைத் தொடாமல் நேராக மாதிரி வினாத்தாளுக்குப் போனால் என்ன ஆகும் என்று நமக்கே தெரியும்.

என் வாரம் இப்படித்தான் ஓடியது. செவ்வாய், வியாழன் 7 அல்லது 8 கிலோமீட்டர் மெதுவோட்டம். புதன் வீட்டிலேயே அரை மணி நேரம் ஸ்குவாட், பிளாங்க், கெண்டைக்கால் பயிற்சி. சனி 5 கிலோமீட்டர். ஞாயிறு லாங் ரன், அதாவது அந்த வாரத்தின் நீண்ட ஓட்டம். லாங் ரன்னை 12 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று வாரம் கூட்டி நாலாவது வாரம் குறைத்து, டிசம்பர் நடுவில் 30 வரை கொண்டுபோனேன். பயிற்சியில் அதற்கு மேல் போகவில்லை, தேவையும் இல்லை. 32க்கு மேல் ஓடிவிட்டு அடுத்த ஒரு வாரம் படிக்கவும் முடியாமல் ஓடவும் முடியாமல் கிடப்பதில் என்ன லாபம்? கடைசி இரண்டரை வாரம் தூரத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டேன். டேப்பர் என்று சொல்வார்கள். அந்த நாட்களில் கால் துறுதுறுவென்று இருக்கும், இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும். ஓடக்கூடாது, அந்த நேரத்தைப் புத்தகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

இனி, எனக்கு மிகவும் உதவிய விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் ஒருநாள் பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். தினமும் அங்கே பார்க்கும் ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு அருகில் இருப்பார், பக்கத்தில் வந்து சேர்ந்துகொண்டார்.

"என்னம்மா, மூச்சு இப்படி வாங்குது? பேசிக்கிட்டே ஓட முடியுதா பாரு. முடியலைன்னா வேகத்தைக் குறைச்சுடு."

"தனியா ஓடறேன் சார். யார்கிட்ட பேசறது?"

"எதையாவது சொல்லிக்கிட்டே ஓடும்மா. பாட்டு, வாய்ப்பாடு, எதுவா இருந்தா என்ன?"

அன்று அவர் போன பிறகு குறள் சொல்லிப் பார்த்தேன். முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளுக்குக் குறள் கட்டுரை தயாரிக்க வேண்டியிருந்ததால் ஆள்வினையுடைமை அதிகாரம் அப்போது வாயில் இருந்தது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று, மொத்தம் ஏழு சீர். ஏழையும் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை, நாலாவது சீரிலேயே மூச்சு முட்டியது. வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். ஒரு கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்ற அளவுக்கு வந்த பிறகுதான் முழுக் குறளும் தடையில்லாமல் வந்தது. நான் மெதுவோட்டம் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்தது மெதுவோட்டமே இல்லை என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

அதற்குப் பிறகு இதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரே மூச்சில் குறள் முழுவதும் வந்தால் மெதுவோட்டம். இரண்டு அடிக்கும் நடுவில் ஒருமுறை மூச்சு எடுக்க வேண்டியிருந்தால் என் மராத்தான் வேகம். அடிக்கு நடுவிலேயே மூச்சு உடைந்தால் அதிக வேகம், உடனே குறைக்க வேண்டும். இது என் உடம்புக்கு நான் வைத்த கணக்கு. உங்களுக்குக் கொஞ்சம் மாறலாம், ஆனால் பேச முடிகிற வேகம் என்ற அடிப்படை எல்லோருக்கும் ஒன்றுதான். வாரத்தில் ஓடுகிற தூரத்தில் பெரும்பகுதி இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும். இந்த வேகத்தில் உடம்பு கொழுப்பிலிருந்து அதிக சக்தி எடுக்கப் பழகும், தசையில் சேர்த்து வைத்த சர்க்கரை சீக்கிரம் தீராது. 30 கிலோமீட்டர் தாண்டியதும் பலர் திடீரென்று நின்றுபோவது அந்தச் சர்க்கரை தீர்ந்துபோவதால்தான்.

படிப்புக்கும் இதில் நேரடியான பயன் இருந்தது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை நான்கையும் ஓடியே மனப்பாடம் செய்தேன். பிறகு அரசியலமைப்பு. 51ஏ பிரிவின் அடிப்படைக் கடமைகள்: 1976ல் 42ஆவது திருத்தத்தில் சேர்ந்தவை பத்து, 2002ல் 86ஆவது திருத்தத்தில் பதினொன்றாவது. பதினொன்றையும் புத்தகம் இல்லாமல், யாரும் எடுத்துக் கொடுக்காமல் சொல்லி முடிக்க வேண்டும். எங்கே நிற்கிறதோ அதுதான் எனக்குத் தெரியாத இடம். வீட்டுக்கு வந்ததும் அதை மட்டும் பார்ப்பேன். காதில் ஹெட்போன் மாட்டிப் பாடம் கேட்பதைவிட இது பல மடங்கு பலன் தந்தது. கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, இருட்டில் தனியாக ஓடும் பெண்கள் காதை அடைத்துக்கொண்டு ஓடவே கூடாது.

சென்னைக் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடநாட்டில் ஓடுகிறவர்கள் குளிருக்குக் கையுறை, தொப்பி என்று எழுதுவதைப் படித்துவிட்டு நாம் தயாரானால் சரிப்படாது. இங்கே டிசம்பர், ஜனவரி அதிகாலையில்கூட 21, 22 டிகிரி இருக்கும், அதோடு கடல் ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்புச் சூடு இறங்காது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதனால் வாட்ச் காட்டும் வேகத்தைத் துரத்தாதீர்கள். புழுக்கமான நாளில் கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாக ஓடினாலும் அது அதே உழைப்புதான்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நவம்பர் நடுவில் 25 கிலோமீட்டர் லாங் ரன், திருவான்மியூரிலிருந்து ஈசிஆரில் உத்தண்டிப் பக்கம் போய்த் திரும்புவது. அன்று என்னைவிட வேகமான நாலு பேரோடு சேர்ந்துகொண்டேன். முதல் 12 கிலோமீட்டர் 6 நிமிடம் 50 விநாடி வேகத்தில் பறந்தேன். குறள் சொல்லிப் பார்க்கவே இல்லை, சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். கையில் வெறும் தண்ணீர், அதையும் அடிக்கடி குடித்துக்கொண்டே வந்தேன். திரும்பும்போது நீலாங்கரை அருகில் தலை சுற்றி, விரல் எல்லாம் வீங்கி மோதிரம் இறுகிப்போய், ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அக்கா என் சட்டைக் கையில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பைப் பார்த்துவிட்டு, "தண்ணி மட்டும் குடிச்சிருக்க, அதான்" என்று சொல்லி, வீட்டுக்கு வைத்திருந்த மோரில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் தெளிந்தது. மீதி தூரம் ஆட்டோவில்.

உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் குறையும், அது உயிருக்கே ஆபத்தாகலாம். அடுத்த வாரத்திலிருந்து ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு ஓஆர்எஸ் பாக்கெட், தாகம் எடுத்தால் மட்டும் இரண்டு மடக்கு. சாப்பாட்டுக்கு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் நாளில், அரை மணிக்கு ஒருமுறை இரண்டு பேரீச்சை. கடலை மிட்டாயும் முயன்றேன், ஓடும்போது மெல்ல முடியவில்லை, புரையேறியது. எதுவானாலும் லாங் ரன்னில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் மராத்தான் அன்று சாப்பிடுங்கள்.

பெண்களுக்கு ஒன்று தனியாக. அக்டோபர் கடைசியில் இரண்டு வாரம் படியேறவே முடியாத அசதி. படிப்பு அழுத்தம் என்றே நினைத்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், அதோடு காபி குடிக்கக்கூடாது, சத்து சேராது என்றார். தூரத்தைக் குறைத்துக்கொண்டேன், ஒரு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. பயிற்சி தொடங்கும் முன்பே இந்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். மாதவிடாயின் முதல் இரண்டு நாள் முடியவில்லை என்றால் நடங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள், 16 வாரத்தில் அது ஒன்றுமே இல்லை.

மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நம் பயிற்சியின் முக்கியமான வாரங்கள் எல்லாம் அதற்குள்தான் விழும். தூறலில் தாராளமாக ஓடலாம். தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடவே வேண்டாம்: மூடியில்லாத பாதாளச் சாக்கடை, மின்கசிவு, எலிக்காய்ச்சல், மூன்றும் இந்த ஊரில் நிஜமான ஆபத்து. நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்தபோது மறுநாள் 28 கிலோமீட்டர் ஓட வேண்டியது என் அட்டவணை. விட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதையும் சேர்த்து ஓடலாமா என்று மனம் அரித்தது, அதையும் செய்யவில்லை. தவறிய லாங் ரன்னைக் கடன் மாதிரி அடுத்த வாரத்தில் ஏற்றினால் காலில்தான் விழும். நனைந்த ஷூவுக்குள் நடப்பு நிகழ்வுகளுக்காகப் படித்து முடித்த நாளிதழ்களைக் கசக்கித் திணித்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் மறுநாள் காய்ந்திருக்கும். தொடை உரசும் இடத்தில் வாசலின் தடவாமல் மழையில் இறங்காதீர்கள்.

நேரம் எப்படிக் கிடைத்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரவு 9.30க்குத் தூக்கம், காலை 4.45க்கு எழுவது. மாலை 7 முதல் 9.15 வரை படிப்பு. தூக்கத்தில் மட்டும் கை வைக்கவில்லை. சீரியல், ஃபோன், கல்யாண வரவேற்புகள் எல்லாம் போயின. ஞாயிறு ஓடிவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் தூங்கி, பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் படிக்கும் பகுதியில் உட்காருவேன். லாங் ரன் அன்று புதுப் பாடம் மண்டையில் ஏறாது. நாலைந்து வாரம் வீணாக்கிய பிறகே இதைக் கண்டுகொண்டேன். அன்றைக்கு மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், விடை எழுதிப் பார்ப்பது என்று கைவேலையாக வைத்துக்கொள்ளுங்கள், புதுப் பாடம் திங்கள், புதனுக்கு.

நவம்பரில் 5 மணிக்குத் தெரு இருட்டாக, நாய்கள் மட்டும் இருக்கும், அதனால் நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்தே கிளம்புவோம். மார்கழி பிறந்ததும் தெருவே மாறிவிடும். வாசலுக்கு வாசல் கோலம், மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் ஒலிபெருக்கியில் திருப்பாவை, பூக்கடைகளில் விளக்கு. பயமில்லாமல் ஓடலாம். மராத்தானுக்கு முந்தைய கடைசி வாரங்கள் அந்த நாட்களில் அமைந்தது என் அதிர்ஷ்டம்.

மராத்தான் அன்று நேப்பியர் பாலத்தில் விடியாத இருட்டில் தொடங்கினேன். முதல் 10 கிலோமீட்டர் எல்லோரும் என்னைக் கடந்துபோனார்கள், நான் ஒரே மூச்சில் குறள் சொல்லிக்கொண்டே போனேன். 25க்குப் பிறகு இரண்டு மூச்சு. வெயில் ஏறி 36ஆவது கிலோமீட்டரில் ஒரு சீர்கூட வரவில்லை. நூறு அடி நடந்தேன், முதல் அடி வந்தது. அப்புறம் ஓடினேன். 5 மணி 21 நிமிடம்.

அடுத்த பத்து நாள் நடை மட்டும், பிறகு தேர்வு வரை வாரம் மூன்று நாள் 5 கிலோமீட்டர். பிப்ரவரியில் தேர்வறையில் குறள் கட்டுரைக்கு வந்தபோது, இடுக்கணழியாமையில் ஒரு குறளின் இரண்டாம் அடி ஒரு கணம் நின்றுவிட்டது. கண்ணை மூடினேன். பெசன்ட் நகரில் ஷ்மிட் நினைவுச் சின்னம் தெரிந்தது, 1930ல் கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட அந்த டேனிஷ்காரருக்காகக் கட்டியது. அதைத் தாண்டித் திரும்பும் இடத்தில்தான் அந்த அடியை எப்போதும் சொல்வேன். மூன்று சீரும் வரிசையாக வந்தன, எழுதினேன்.