ஸ்நேர் மேல் ஒரு பர்ஸ்

"தம்பி, நல்லாத்தான் அடிக்கிறீங்க. ஆனா பாட்டு எங்க இருக்குன்னே தெரியல."

2003-ல் சாலிகிராமத்தில் ஒரு சின்ன ஸ்டூடியோ. சவுண்ட் இன்ஜினியரின் குரல் ஹெட்ஃபோனில் வந்தது. என் முதல் சினிமா ரெக்கார்டிங் அது. அதற்கு முன் ஏழு வருஷம் ராக் பேண்டில் டிரம்ஸ் வாசித்தவன் நான். டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் என்று அடித்துத் துவைத்த கை. கல்லூரி கல்ச்சுரல்ஸ் மேடைகளில் சோலோ முடிந்ததும் குச்சியைக் கூட்டத்துக்குள் வீசினால் அதைப் பிடிக்க அடிதடியே நடக்கும். (புதுக்குச்சி வாங்கக் கட்டுப்படியாகாது. நான் வீசியதெல்லாம் முனை பிளந்த பழைய குச்சிகள்.)

பேண்ட் கலைந்ததற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. கிடாரிஸ்ட் ஐடி வேலைக்கு பெங்களூர் போனான், பாடகனுக்குக் கல்யாணம் ஆனது, பிராக்டிஸ் ரூமுக்கு மேல் வீட்டு மாமி போலீஸுக்கு போன் செய்தார். மிஞ்சியது நானும் டிரம் செட்டும், அதற்குக் கட்டவேண்டிய தவணையும்.

மேடையில் வேகம் என் கையில் இருந்தது. நிமிடத்துக்கு 118 தட்டில் தொடங்கிய பாட்டை 128-ல் கொண்டுபோய் முடிப்போம். கூட்டமும் கூடவே ஓடிவரும், யாருக்கும் உறைக்காது. ஸ்டூடியோவில் காதுக்குள் கிளிக். அன்று நிமிடத்துக்கு 120, அதாவது அரை நொடிக்கு ஒரு டிக். நான் ஓடினாலும் அது ஓடாது, நான் பின்தங்கினாலும் அது நிற்காது. ஏழு டேக் போயிற்று. எட்டாவதுக்கு முன்னால் இன்ஜினியர் என்னை உள்ளே கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையில் என் அடிகளைக் காட்டினார். ஒவ்வொரு ஃபில்லிலும் (வரிக்கும் வரிக்கும் நடுவில் டிரம்ஸை உருட்டி நிரப்பும் இடம்) அடிகள் கிளிக்கின் கோட்டைத் தாண்டி முன்னால் போய் நின்றன.

"ஃபில்லுல மட்டும் இல்ல, பாருங்க. அதுக்கு முந்தின பார்லயே ஓட ஆரம்பிச்சிடறீங்க. ஆசை."

அந்த ஒற்றைச் சொல் நன்றாகச் சுட்டது. இப்படி அடித்தால் கைதட்டுவார்கள் என்ற ஆசை. அங்கே கைதட்ட டீ கொண்டுவந்த பையன்கூட இல்லை.

"பர்ஸ் வெச்சிருக்கீங்களா?" என்றார் அடுத்து. எதற்கென்று புரியாமல் எடுத்துக் கொடுத்தேன். அதை ஸ்நேர் மேல், அதாவது அடியில் கம்பி இழுத்துக் கட்டிய டிரம் மேல், ஓரமாக வைத்துவிட்டு, "இப்ப அடிங்க" என்றார். அதுவரை 'டாங்ங்' என்று இழுத்துக்கொண்டிருந்தது 'டப்' என்று நின்றது. எந்த டிரம்மருக்கும் தெரிந்த பழைய வித்தைதான். பேண்டில் எனக்கு அது தேவைப்படவே இல்லை, அங்கே எல்லாமே இரைச்சல். மாசக் கடைசியில் பர்ஸ் மெலிந்துபோவதால் ஸ்நேர் கொஞ்சம் கூடுதலாக அதிரும் என்று பிற்பாடு எங்களுக்குள் ஒரு ஜோக் உண்டு.

காலால் அடிக்கும் கிக், ஸ்நேர், ஜால்ரா போல் மோதும் ஹை-ஹாட். மூன்றைத் தவிர எதையும் தொடாமல் வாசித்தேன். கேட்டுப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது: பாடகியின் வரி முடியும் இடத்தில் புல்லாங்குழல் பதில் சொல்கிறது. அத்தனை டேக்கிலும் அதே இடத்தில்தான் நான் மற்ற டிரம்களை, டாம்களை, உருட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேண்ட் நாட்களில் நாங்கள் கொதிப்போடு பேசிய கதை ஒன்று. 1962 செப்டம்பர் 11, லண்டன் இஎம்ஐ ஸ்டூடியோ. பீட்டில்ஸின் முதல் சிங்கிளான 'லவ் மீ டூ'வை மறுபடி பதிவு செய்கிறார்கள். டிரம்ஸில் ஆண்டி ஒயிட் என்ற செஷன் டிரம்மர், பேண்டின் சொந்த டிரம்மர் ரிங்கோ ஸ்டார் கையில் டாம்பரின். ரிங்கோவுக்கு எப்படி வலித்திருக்கும் என்று பேசிப் பேசி மாய்ந்திருக்கிறோம். இப்போது எனக்கு ஆண்டி ஒயிட்டின் நினைப்புதான் வருகிறது. வந்தார், பாட்டு கேட்டதை வாசித்தார், அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு கிளம்பினார். ஆல்பத்தில் இருப்பது அவர் வாசித்ததுதான். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் அந்த உத்தியோகத்தைக் கற்றது பெரும்பாலும் பக்கத்து நாற்காலியில்தான். ஒருமுறை ஏழு எண்ணிக்கைப் பாட்டு. நான் ஒன், டூ என்று ஏழுவரை எண்ணி எண்ணித் தடுக்கிக்கொண்டிருந்தேன். டோலக் வாசித்த பெரியவர் என் முழங்காலில் தட்டி, "எண்ணாதப்பா, சொல்லு. தகிட தகதிமி" என்றார். மூணும் நாலும். அவ்வளவுதான், கால் தானாகக் கிக்கைத் தேடிப் போனது.

2011 வாக்கில் ஒரு அரேஞ்சர் இரண்டு நாள் கால்ஷீட் கேட்டார். பாட்டு கிடையாது. ஸ்நேரை ஒருமுறை அடிக்க வேண்டும், சத்தம் முழுக்க அடங்கும்வரை அசையாமல் உட்கார வேண்டும். மறுபடி ஒன்று. மெதுவாக, கொஞ்சம் பலமாக, இன்னும் பலமாக; ஒவ்வொரு பலத்திலும் பல தடவை. ஏசியை அணைத்துவிட்டார்கள். நெற்றி வியர்வை மடியில் சொட்டியது, துடைத்தால் சட்டை உரசும் சத்தம் மைக்கில் விழும். இரண்டு மடங்கு சம்பளம், கையில் ரொக்கம்.

அடுத்த வருஷம் அழைப்புகள் பாதியாகின. ஒருநாள் போரூர் ஷேர் ஆட்டோவில் புதுப்பாட்டு ஒன்று. ஸ்நேர் விழும்போதெல்லாம் பின்னால் 'கிர்' என்று ஒரு சின்ன அதிர்வு. என் ஸ்நேரின் அடிக்கம்பி ஒன்று அப்போது தளர்ந்திருந்தது. சரிசெய்ய நேரமில்லாமல் அப்படியே விட்டிருந்தேன். அந்தப் பாட்டை நான் வாசிக்கவில்லை, ஆனால் வாசித்திருக்கிறேன். ஆட்டோவில் யாரிடம் போய் இதைச் சொல்ல? அந்த அரேஞ்சர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். ஒற்றை ஒற்றை அடியாகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டு வேண்டிய பாட்டில் கோத்துக்கொள்ளத்தான் என்று சொல்லியே அழைத்தார், நான்தான் கூட்டிக்கழித்துப் பார்க்கவில்லை. நிஜ டிரம்ஸின் ஒலியை உள்ளே வைத்திருந்த முதல் எந்திரம், லின் எல்எம்-1, 1980-லேயே வந்துவிட்டது. தெரியாதென்று நான் சொல்வதற்கில்லை. ஆனாலும் அந்த 'கிர்'ரையாவது எடிட் செய்திருக்கலாம்.

இப்போது கச்சேரிகள், சில பின்னணி இசை வேலைகள், வீட்டிலிருந்தே அனுப்பும் டிராக்குகள் என்று வண்டி ஓடுகிறது.

போன டிசம்பரில் கிடாரிஸ்ட் ஊருக்கு வந்திருந்தான். கோடம்பாக்கத்தில் மணிக்கணக்கு வாடகை ரூம் ஒன்றில் நாலு பேரும் கூடினோம். முதல் பாட்டு முடிந்ததும் பேஸ் வாசிப்பவன் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, சம்பளத்துக்கு வந்தவன் மாதிரி அடிக்கிற? ஃபில்லெல்லாம் எங்கடா போச்சு?"

குனிந்து பார்த்தேன். எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை, ஸ்நேர் மேல் பர்ஸ். எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு அடுத்த பாட்டுக்கு எண்ணினேன். கொஞ்சம் வேகமாகவே எண்ணினேன்.