காலிமுகத்திடலும் எங்கள் வரலாற்றுச் சேரும்

கொழும்பில் படித்த எங்களுக்குக் கடலோரத்துப் புல்வெளியான காலிமுகத்திடல் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது இறால் வடைதான். பருப்பு வடையின் மேல் முழு இறாலைத் தலையோடும் காலோடும் பதித்துப் பொரித்து, வெங்காயச் சம்பலை அள்ளிப் போட்டு, பழைய கொப்பித் தாளில் வைத்துத் தருவார்கள். யாரோ ஒரு பிள்ளை செய்த கணக்கைப் படித்துக்கொண்டே தின்னலாம். பிழையும் பிடிக்கலாம்.

போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பள்ளிக்கூடம் விட்டதும் 100, 101 பஸ்களில் தொங்கிக்கொண்டு போவோம். பையில் கொப்பி இல்லாவிட்டாலும் அடையாள அட்டை இருக்க வேண்டும். வழியில் எத்தனை இடத்தில் சோதனைக்காக இறக்கி ஏற்றுவார்கள் என்பது அன்றைய நிலைமையைப் பொறுத்தது.

வரலாற்றுச் சேர் ஒருநாள் எங்களை அங்கேயே கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார். முதலில் ஆளுநர் ஹென்றி வோட்டின் நினைவுக் கல்லைக் காட்டினார். 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த நடைபாதை இது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் பின்வரும் ஆளுநர்கள் இதைப் பேண வேண்டும் என்பது அதில் உள்ள வாசகத்தின் சாரம். அதற்கு முன்பு ஒல்லாந்தர் காலத்தில், கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பு இருக்கக் கூடாதென்று வெட்டையாக விடப்பட்ட நிலம். வெள்ளைக்காரன் குதிரை ஓடவிட்டதும் இங்கேதான். 1893இல்தான் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போனது.

பிறகு சேர் வடக்குப் பக்கம் திரும்பினார். தூண்கள் நிரையாக நிற்கும் அந்தக் கட்டடம் 1930இல் திறக்கப்பட்டது. நாங்கள் படித்த காலத்தில் ஜனாதிபதி செயலகம், 1956இல் பாராளுமன்றம். அந்த ஆண்டு ஜூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டமூலம் சபைக்கு வந்தபோது, தந்தை செல்வா தலைமையில் தமிழரசுக் கட்சியினர் சத்தியாக்கிரகம் இருக்க வந்தார்கள். பாராளுமன்றத்தை நெருங்க விடாமல் பொலிஸ் மறித்ததால் திடலிலேயே இருந்தார்கள். காடையர் வந்து அடித்தார்கள், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. வட்டுக்கோட்டைக்குப் புதிதாகத் தெரிவான அமிர்தலிங்கம் தலையில் கட்டுப் போட்டபடி சபைக்குள் போனார். அன்றே நகரத்தில் தமிழர் கடைகளும் கொள்ளை போயின. சில நாளில் கிழக்கே கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

இவ்வளவையும் தாழ்ந்த குரலில்தான் சொன்னார். துவக்கோடு யாராவது கிட்ட வந்தால் போதும், கதை சட்டென்று ஹென்றி வோட்டுக்குத் தாவிவிடும்! ஆள் கடந்ததும் மறுபடி 56. எங்கள் வரலாற்றுப் புத்தகத்தில் விக்டோரியா காலத்து ஆளுநர்களுக்கெல்லாம் பக்கம் இருந்தது, இதற்கு ஒரு வரி கிடையாது. திடலிலும் நடைபாதை போட்டவருக்குக் கல் இருக்கிறது. அடி வாங்கியவர்களுக்கு ஒன்றை நான் கண்டதில்லை.

2022இல் அதே இடத்தில், ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொல்லி 'கோட்டா கோ கம' என்ற போராட்டக் களம் எழுந்தபோது லண்டனில் இருந்து கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பாணுக்கும் பெற்றோலுக்கும் வந்த கோபம் எங்களுக்கு நடந்தவற்றுக்கு வரவில்லையே என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பெரிய சண்டை. நியாயமான கேள்விதான். ஆனால் மே 18 அன்று அந்தத் திடலில், 2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைந்து, அங்கே சனம் குடித்த அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்தார்கள், சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். ஒரு கோப்பைக் கஞ்சியால் எதுவும் தீர்ந்துவிடாது. என்றாலும், 56இல் அடி விழுந்த மண்ணில் அது நடந்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை.

இப்போது போனால், 269 ஹெக்டேயர் கடலை நிரப்பிய துறைமுக நகரம் ஒரு பக்கக் கடலை மறைக்கிறது. வடை இன்னும் கிடைக்கிறது, விலைதான் கேட்கக் கூடாது.

எங்கள் பழைய மாணவர்களில் சிலருடைய தந்தையோ பேரனாரோ அன்று அந்தத் திடலில் இருந்திருப்பார். வீட்டில் சொல்லக் கேட்டதை, படம் இருந்தால் அதையும், அடுத்த மலருக்கு அனுப்பிவையுங்கள். தட்டச்சு செய்ய நேரமில்லை என்றால் குரல் பதிவு போதும், நான் எழுதித் தருகிறேன்.