கொட்டகலைச் சுவருக்கு ஒரு அறிவிப்புப் பலகை

ஜூலை 6, 2024, சனி

மேசைக்கு மேலே மாட்டியிருந்த கார்க் பலகையைக் கழற்றியாயிற்று. கடையில் வாங்கியது. கார்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஒருவகை ஓக் மரத்தின் பட்டை; போர்த்துக்கலில் 9 வருடத்துக்கு ஒருமுறை உரித்தெடுப்பார்கள்; தண்ணீரை லேசில் உள்ளே விடாது. பின்னால் ஒட்டியிருந்த காகித அட்டைதான் ஈரம் குடித்து உப்பி, ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் பிடித்தால் செப்டம்பர் வரை இலங்கை மலைநாட்டுக் கொட்டகலையில் எங்கள் வீட்டுச் சுவர் சரியாகக் காய்வதில்லை. சுவரோடு ஒட்டி எதை மாட்டினாலும் இந்தக் கதிதான்.

பலகை இல்லாமல் எனக்குச் சரிவராது. கொழும்புக் கம்பனிகளுக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். சம்பளத்தில் பிடித்த வரியை அடுத்த மாதம் 15க்குள் கட்ட வேண்டும், வற் என்ற மதிப்புக் கூட்டு வரியை 20க்குள், ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதியை மாதக் கடைசிக்குள். போனில் மணி அடிக்கும், விரலை வைத்தால் நின்றுவிடும், அதோடு விஷயமும் மறந்துபோகும். கண்ணுக்கு நேரே தாள் தொங்கினால் தட்டிக்கழிக்க முடியாது. இந்த ஊர் ஈரத்தைத் தாங்கும் மாதிரி நானே ஒன்று செய்யப்போகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

மாமா வீட்டில் பழைய தேயிலைப் பெட்டி கிடப்பதாக அம்மா சொன்னார். காகிதச் சாக்கு வருவதற்கு முன்னால் தேயிலை இந்தப் பிளைவுட் பெட்டியில்தான் கப்பலேறியது. உள்ளே ஈயத்தாள், ஓரத்தில் தகரப்பட்டி. "எடுத்துக்க புள்ள, அரிசி போட்டு வச்சது, இப்ப சும்மாதான் கெடக்கு" என்றார் மாமா. அவரே குறட்டால் தகரத்தை நெம்பிக் கொடுத்தார்.

பக்கப் பலகையில் கறுப்பு மையில் பி.ஓ.பி. என்ற தேயிலைத் தர எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது. அதற்கு மேலே தோட்டத்துப் பெயர், பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டது. விளிம்பு நெடுக ஆணி இருந்த ஓட்டைகள், ஒவ்வொன்றையும் சுற்றித் துருவின் வட்டம். பலகை மட்டும் நெளியவே இல்லை. இத்தனை மழைக்காலம் தாண்டிய பலகைக்கு மேல் வேறு என்ன வேண்டும்?

ஜூலை 13, சனி

பிளைவுட்டில் ஊசி இறங்காது, மேலே மெத்தென்று ஏதாவது வேண்டும். ஹட்டனில் கடைக்காரர் றெஜிபோம், அதாவது தெர்மோகோல், காட்டினார். அது எனக்குப் பிடிக்காது. ஒரே இடத்தில் நாலு தடவை குத்தினால் ஓட்டை பெரிசாகி ஊசி கழன்று விழும். சில பசைகள் பட்டால் கரைந்தும் போகும். சாமான் வரும் அட்டைப்பெட்டியே மேல். அதன் உள்வரிகள் ஒரு தாளில் நெட்டுக்கும் அடுத்ததில் குறுக்குக்கும் வரும்படி மூன்றடுக்கு ஒட்டினால் வளையாது, ஊசியையும் இறுகப் பிடிக்கும்.

ஒட்டுவதற்கு பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை. கோதுமை மாப் பசை இங்கே கூடவே கூடாது, பூஞ்சணத்துக்கும் கரப்பானுக்கும் விருந்து. ஒட்டி, மேலே அரிசி மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறேன். இந்தக் குளிரில் காய நாளாகும், அவசரப்படப் போவதில்லை.

ஜூலை 14, ஞாயிறு

சணல் சாக்கு ஒன்றைப் பிரித்துத் துவைத்தேன். மதியம் கொஞ்சம் வெயில் வந்தது, மிச்சம் அடுப்படிச் சூட்டில். சாக்கில் ஒரு நல்ல குணம்: ஊசியைப் பிடுங்கினால் இழைகள் நகர்ந்து ஓட்டையை மூடிக்கொள்ளும்.

ஜூலை 20, சனி, எசல போயா

பௌர்ணமி லீவு நாள், தம்பியும் வீட்டில். சாக்கை முதலில் நாலு பக்கத்தின் நடுவிலும் இழுத்து அடித்தோம், அப்புறம் எதிரெதிராக மூலையை நோக்கிப் போனோம். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இழை கோணிக்கொள்ளும். சுற்றிவரச் சவுக்குச் சட்டம். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு நிற்கிறதே, சில்வர் ஓக், அதே மரம். தச்சு பாஸ் சீவிக் கொடுத்திருந்தார், ரேகை மீன் செதில் மாதிரிப் பளபளக்கிறது.

முக்கியமான வேலை பின்பக்கம். நாலு மூலையிலும் ஓர் அங்குல மரக்கட்டை வைத்து, அதன்மேல் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினேன். பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். இந்த ஒன்றை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. மட்டம் பார்க்க, மேசன்மார் செய்வதுபோல தண்ணீர் நிரப்பிய டியூப். "அக்கா, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்" என்று தம்பி விரட்டிக்கொண்டே இருந்தான்.

ஊசி பித்தளையில்தான். இரும்பு துருப்பிடித்தால் பில்லில் கறை விழும்.

ஜூலை 28, ஞாயிறு

வாரம் முழுக்க மழை. பலகைக்குப் பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்தேன், காய்ந்துதான் இருக்கிறது. மேல் வரிசையில் 15, 20, மாதக் கடைசி என்று மூன்று தாள். நடுவில் பில்கள். கீழ் மூலையை அம்மா எடுத்துக்கொண்டார், கிளினிக் அட்டைக்கு.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, மகளுக்கு டியூஷன் நேர அட்டவணை மாட்ட ஒன்று கேட்டிருக்கிறார். பெட்டியில் இன்னும் பலகை மிச்சம் இருக்கிறது. சாக்கும் அட்டையும் அவர் கொண்டுவருவார், அடுத்த சனிக்கிழமை ஆரம்பிக்கிறோம்.