முகப்பூச்சுக்குக் குறிப்பு உண்டு, பழந்துணிக்கு இல்லை

சென்ற மாதம் எங்கள் வீட்டில் நான்கு நாள்கள் தொடர்ந்து தண்ணீர் வரவில்லை. அதே நாள்களில் எனக்கு மாதவிடாயும் வந்து சேர்ந்தது. குளிக்க ஒரு வாளி, துணி அலச அரை வாளி என்று அளந்து அளந்து செலவழித்தபோது, குழாயும் மலிவான சோப்பும் இல்லாத நூற்றாண்டுகளில் பெண்கள் தங்கள் உடலை எவ்வாறு தூய்மையாக வைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. தேடிப் படிக்கத் தொடங்கியதும் ஓர் ஏற்றத்தாழ்வு உடனே கண்ணில் பட்டது. முகத்தை வெளுப்பாக்குவதற்கும், கூந்தலுக்குச் சாயம் ஏற்றுவதற்கும், வேண்டாத முடியை நீக்குவதற்கும் பல்வேறு நாடுகளில் எழுதிவைத்த குறிப்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. மாதந்தோறும் நனைந்து, அலசி, உலர்ந்து, மீண்டும் பயன்பட்ட துணியைப் பற்றியோ ஏறத்தாழ ஒன்றும் கிடைப்பதில்லை.

முன்காலத்துப் பெண்கள் அழுக்கிலேயே உழன்றார்கள் என்று ஒரு சாராரும், இயற்கைப் பொருள்களால் மட்டுமே அவர்கள் மிளிர்ந்தார்கள் என்று மற்றொரு சாராரும் எழுதுகிறார்கள். இரு கூற்றுகளையும் நான் ஏற்கவில்லை. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளின் மேற்கு ஐரோப்பாவில், வெந்நீர் தோலின் துளைகளைத் திறந்து நோயை உள்ளே விட்டுவிடும் என்று மருத்துவர்கள் நம்பியதால் முழுக் குளியல் அரிதாகிப் போனது உண்மைதான். ஆனால் அந்தக் காலத்தவர் தூய்மையைக் கைவிட்டுவிடவில்லை. அந்தப் பொறுப்பை உள்ளாடையிடம் ஒப்படைத்தார்கள். ஆளிநாரில் நெய்த லினன் துணி வியர்வையையும் எண்ணெய்ப் பசையையும் நன்றாக உறிஞ்சும் என்பதால், உடலை உலர்ந்த துணியால் தேய்த்துவிட்டு வெளுத்த உள்ளாடையை மாற்றிக்கொள்வதே குளியலுக்கு ஈடாகக் கருதப்பட்டது. மேலாடையின் கழுத்தோரத்திலும் மணிக்கட்டிலும் தெரியும் வெள்ளை விளிம்பே அணிந்தவரின் தூய்மைக்குச் சாட்சியாக இருந்தது.

அந்த வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருந்த கைகள் பெரும்பாலும் பெண்களுடையவை. விறகுச் சாம்பலைத் தண்ணீரில் ஊறவைத்து வடித்த காரநீரில் துணியை ஊறப்போட்டு, அடித்து, அலசி, வெயிலில் விரித்து வெளுக்க வைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வீடுகளில் ஒரு முறை துவைத்து, ஒரு முறை கொதிக்கவைத்து, ஒரு முறை அலசுவதற்கு ஏறக்குறைய 190 லிட்டர் தண்ணீர் செலவானதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. குழாய் இல்லாத வீட்டில் அத்தனை எடையும் கிணற்றிலிருந்தோ ஆற்றிலிருந்தோ தூக்கி வரப்பட வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காய்ச்சுவதற்கு விறகும் வேண்டும். நான்கு நாள் வாளி சுமந்ததற்கே என் முதுகு வலித்தது என்பதால் இந்த எண்ணை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சோப்பும் எல்லோருக்கும் எட்டும் பொருளாக இருக்கவில்லை. இங்கிலாந்தில் 1712-இல் விதித்த சோப்பு வரி 1853-இல்தான் நீக்கப்பட்டது.

செல்வத்தால் விரட்ட முடியாத தொல்லைகளும் இருந்தன. இன்றைய இஸ்ரேலில் உள்ள பண்டைய லாக்கீஷ் நகரின் அகழாய்வில் 2016-இல் கிடைத்த யானைத் தந்தச் சீப்பு ஒன்று கி.மு. 1700-ஐ ஒட்டிய காலத்தது. அதில் அப்பகுதியின் பழங்கால மக்களான கானானியரின் எழுத்துகளில் ஒரு வரி பொறித்திருப்பது 2022-இல் படித்தறியப்பட்டது. தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் வேரோடு அகற்றட்டும் என்பதே அந்த வேண்டுதல். சீப்பின் ஒரு பக்கத்தில் சிக்கெடுக்கும் தடித்த பற்கள், மறுபக்கத்தில் பேனையும் ஈரையும் வாரும் நுண்ணிய பற்கள். இதே இருபக்க அமைப்பைப் பற்பல நாடுகளின் பழஞ்சீப்புகளில் காணலாம். தந்தச் சீப்பு வாங்கும் வசதி படைத்தவரின் தலையிலும் பேன் இருந்தது.

வெளியே தெரியும் அழகுக்கு வருவோம். ஐரோப்பியச் சீமாட்டிகள் பூசிய ஈய வெள்ளை, ஈயத் தகடுகளைக் காடியின் (வினிகரின்) ஆவியில் பல வாரங்கள் வைத்து, அவற்றின்மேல் படியும் வெள்ளைப் படிவைச் சுரண்டி எடுப்பதால் கிடைத்தது. பெரியம்மைத் தழும்பை அதைப்போல் மறைக்கும் பொருள் வேறொன்று எளிதில் கிடைக்கவில்லை. அது தோலை அரிக்கும். அரித்த இடத்தை மறைக்க இன்னும் கெட்டியாகப் பூச வேண்டியிருக்கும். பேரழகி என்று லண்டன் கொண்டாடிய மரியா கன்னிங், 1760-இல் தம் இருபத்தேழாம் வயதில் இறந்தார். முகப்பூச்சின் நஞ்சே அவருடைய உயிரைப் பறித்தது என்று பரவலாகக் கருதப்படுகிறது. ஈயம் நஞ்சு என்பதை ரோமானியர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே அறியாமையால் செத்தார்கள் என்று அந்தப் பெண்களை இகழ்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. முகத்தை வைத்தே திருமணமும் வாழ்வும் முடிவாகும் உலகில், மெல்லக் கொல்லும் பூச்சைவிடத் தழும்பு தெரியும் முகமே அவர்களுக்குப் பேராபத்தாகத் தோன்றியிருக்கும்.

முடி நீக்கும் முறையும் கடுமையானதே. இத்தாலியின் சலேர்னோவில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வழங்கிய பெண்களுக்கான ஒப்பனை நூலில், சுட்ட சுண்ணாம்பையும் அரிதாரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் குறிப்பு உண்டு. அரிதாரம் ஆர்சனிக் கலந்த கனிமம். குழம்பில் ஓர் இறகை நனைத்து, அதன் இழைகள் உதிர்ந்தால் பக்குவம் வந்துவிட்டது என்று அறிந்தார்களாம். சற்று நேரம் கூடினால் தோலும் வெந்துவிடும்.

பிறர் கண்ணுக்கு விகாரமாகத் தோன்றிய பழக்கம் உண்மையில் உடலைக் காத்ததும் உண்டு. ஜப்பானில் மணமான பெண்கள் பற்களைக் கறுப்பாக்கிக்கொண்டார்கள். இரும்புத் துண்டுகளைக் காடியிலோ தேநீரிலோ ஊறவைத்து எடுத்த நாற்றமடிக்கும் நீரோடு, துவர்ப்புச் சத்து மிகுந்த காய்ப்பொடியைச் சேர்த்துச் சில நாள்களுக்கு ஒரு முறை பூசுவார்கள். அந்தக் கறுப்புப் படலம் பற்சொத்தையைத் தடுத்தது. மேலைநாட்டுப் பயணிகள் அதைக் கண்டு முகம் சுளித்தார்கள். 1870-இல் அரசு உயர்குடியினருக்கு அதைத் தடைசெய்தது; 1873-இல் பேரரசி வெண்பற்களோடு மக்கள்முன் தோன்றியதும் வழக்கம் தேயத் தொடங்கியது.

இனி அந்த மாதவிடாய்த் துணிக்கு வருகிறேன். பழந்துணிகளை மடித்து, இடுப்புக் கயிற்றிலோ வாரிலோ கட்டிக்கொள்வது பல நாடுகளில் இருந்த வழி. பஞ்சு, கம்பளி, பாசி என்று கிடைத்ததையெல்லாம் உள்ளே வைத்தவர்களும் உண்டு. இரத்தக் கறையை முதலில் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும், வெந்நீர் பட்டால் அதிலுள்ள புரதம் உறைந்து கறை நிலைத்துவிடும் என்னும் அறிவைத் தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாள். அதற்கு ஏடு தேவைப்படவில்லை. யார் கண்ணிலும் படாமல் உலர்த்த வேண்டும் என்னும் கட்டாயத்தால் துணி வெயில் காணாமல் ஈரமாகவே மடிக்கப்பட்டபோது, அது எத்தனை பெண்களுக்குப் புண்ணையும் நோயையும் தந்திருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

கடையில் மாதவிடாய்ப் பட்டை (நாப்கின்) கிடைக்கத் தொடங்கிய பின்னரும் மௌனம் கலையவில்லை. 1896-இல் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனம் பயன்படுத்தியபின் எறிந்துவிடக்கூடிய பட்டையை விற்க முயன்றது. அதை வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாத காலம் என்பதால் விற்பனை எழவில்லை. முதல் உலகப் போரில் காயங்களுக்குக் கட்டுப் போடுவதற்காக மரக்கூழிலிருந்து செய்த ஒரு பஞ்சு, பருத்தியைவிட நன்றாக உறிஞ்சுவதைக் கண்ட செவிலியர் அதைத் தங்கள் மாதவிடாய்க்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். போர் முடிந்தபின் கிம்பர்லி-கிளார்க் நிறுவனம் அதே பஞ்சைக் கொண்டு செய்த கோடெக்ஸ் பட்டையை 1920-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆனால் ஆண்கள் நின்று விற்கும் கடையில் அதை வாய்விட்டுக் கேட்கப் பெண்கள் கூசினார்கள். அதனால் பெட்டிகளைக் கடை மேசைமேல் அடுக்கி, பக்கத்தில் காசு போடும் பெட்டி ஒன்றை வைத்தார்கள். வந்த பெண் காசைப் போட்டுவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல், தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.