குழந்தைகளுக்கு பிக்னிக் மேஜை: நிறத்தைப் பார்க்கும் முன் முழங்காலை அளந்து பாருங்கள்

மேஜையும் இரண்டு பக்க பெஞ்சும் ஒரே சட்டத்தில் சேர்ந்து வருமே, அந்த பிக்னிக் மேஜையின் குழந்தைகள் அளவைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறம், குடை, மடக்க முடியுமா என்ற வரிசையில் பார்க்கிறார்கள். உட்காரப் போகிற குழந்தையின் கால் எவ்வளவு நீளம் என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

முழங்காலின் பின்பக்க மடிப்பிலிருந்து தரை வரை, செருப்பு போட்ட காலோடு அளந்து கொள்ளுங்கள். பெஞ்சின் உயரம் அந்த அளவோ அதற்குக் கொஞ்சம் கீழோ இருந்தால் பாதம் முழுவதும் தரையில் பதியும். கால் தொங்கினால் தொடையின் அடியில் பலகை விளிம்பு அழுத்தும், குழந்தை நெளிந்துகொண்டே இருக்கும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும். நாமோ அதற்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். பள்ளி நாற்காலி மேஜைகளுக்கு ஐரோப்பாவில் ஈஎன் 1729 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி 93 முதல் 116 செ.மீ. உயரமுள்ள குழந்தைக்கு இருக்கை 26 செ.மீ., மேஜை 46 செ.மீ.; 108 முதல் 121 செ.மீ. உயரத்துக்கு 31, 53. அதற்கு மேல் 142 செ.மீ. வரை 35, 59. இது பிக்னிக் மேஜைக்காகப் போட்டதல்ல, ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல். இருக்கைக்கும் மேஜைக்கும் நடுவே 20 முதல் 24 செ.மீ. வருகிறது பாருங்கள், அந்த இடைவெளியைக் கவனியுங்கள். அது ரொம்ப அதிகமானால் தோளைத் தூக்கிக்கொண்டு வரைய வேண்டியிருக்கும், குறைந்தால் தொடை இடிக்கும்.

வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று இரண்டு அளவு பெரியதாக வாங்குவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இன்று உட்கார முடியாத மேஜை இன்றைக்குப் பயன்படாது. உயரத்தை மாற்றிக்கொள்ளும் மாதிரி கிடைத்தால் அது வேறு விஷயம், தாராளமாக வாங்கலாம்.

அடுத்தது, குழந்தை அதில் எப்படி ஏறி உட்காரப் போகிறது என்பது. சேர்ந்த பெஞ்ச் என்றால் நாற்காலியைப் போலப் பின்னால் இழுக்க முடியாது. ஒரு காலைத் தூக்கி பெஞ்சுக்கு அந்தப் பக்கம் வைத்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு காலையும் உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்கு இது பெரிய வேலை, கையில் ஏதாவது வைத்திருந்தால் இன்னும் கஷ்டம். சில மாதிரிகளில் பெஞ்சையும் மேஜையையும் இணைக்கும் கட்டை ஓரத்தில் வராமல் உள்ளே தள்ளி இருக்கும், பக்கவாட்டிலிருந்து நடந்து போய் அப்படியே உட்காரலாம். சின்னவர்களுக்கு அதுதான் வசதி. தனித்தனி ஸ்டூல் வைத்த மேஜையில் ஏறுவது சுலபம், ஆனால் ஸ்டூல் நகரும், புல்தரையில் சாயும்.

சேர்ந்த பெஞ்சில் இன்னொரு ஆபத்தும் உண்டு, அதுதான் கவிழ்வது. எதிர்ப்பக்கம் யாரும் இல்லாமல் ஒரே பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்தால், பெஞ்ச் மேஜையின் காலைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும்பட்சத்தில், அவர்கள் எடை மொத்தமும் அந்தப் பக்கக் காலை அச்சாக வைத்து மேஜையைத் தூக்கும், லேசான பிளாஸ்டிக் என்றால் இன்னும் சீக்கிரம் தூக்கும். காலின் நுனி பெஞ்சின் வெளி விளிம்பு வரைக்குமோ அதற்கு அப்பாலோ போகிறதா என்று குனிந்து பாருங்கள். அப்புறம் ஒரு பக்க பெஞ்சின் வெளி ஓரத்தில் கையை ஊன்றி நல்ல பலமாக அழுத்துங்கள். எதிர்ப்பக்கம் எழும்பினால் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம், குழந்தைகள் பெஞ்சில் ஏறி நிற்காமல் இருக்கப் போவதில்லை. குடை வைத்த மேஜையில் காற்றடித்தால் இதே சிக்கல்தான், பயன்படுத்தாத நேரத்தில் குடையை எடுத்து வைத்துவிட வேண்டும்.

மரமா பிளாஸ்டிக்கா என்றால் என் ஓட்டு மரத்துக்கு, எடையும் உறுதியும் அதில் கிடைப்பதால். ஆனால் வேலை வைக்கும். திருகுகளின் தலை பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், அவை துருப்பிடிக்காத எஃகாகவோ துத்தநாகம் பூசியதாகவோ இருக்க வேண்டும். விளிம்புகளை உப்புத்தாள் போட்டு உருட்டிவிடுங்கள், சிலாம்பு ஏறுவது பெரும்பாலும் பெஞ்சின் முன் விளிம்பில்தான், தொடை உரசும் இடம் அது. ஆளிவிதை எண்ணெய் பூசினால் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், அது காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் வெயிலைத் தாங்கும் சேர்மானம் கலந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் நிறம் வெளுத்து நொறுங்க ஆரம்பிக்கும். கருநிறமும் வெறும் உலோகமும் வெயிலில் சுடும், எதுவானாலும் நிழலில் போடுவது நல்லது.

மடக்கும் வகையில் கீல் பக்கத்தில் விரல் சிக்குகிறதா என்று பாருங்கள். பொம்மைகளுக்கான விதிகளில் இதற்கு ஒரு தெளிவான கணக்கு இருக்கிறது: 5 மி.மீ. கம்பி நுழையும் இடத்தில் 12 மி.மீ. கம்பியும் நுழைய வேண்டும், அதாவது விரலே போகாத சந்து அல்லது விரல் போய்த் தாராளமாகத் திரும்பி வரும் சந்து, நடுவில் எதுவும் கூடாது. விரித்த பிறகு தானாக மடங்காதபடி பூட்டும் இருக்க வேண்டும்.

பழைய மர மேஜை யாராவது கொடுத்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்செனிக் கலந்த மருந்தேற்றிய மரம் முன்பு வெளிப்புறச் சாமான்களுக்கு நிறையப் பயன்பட்டது, அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை 2003 இறுதியோடு நிறுத்தினார்கள். எந்த மருந்து ஏற்றியது என்று தெரியாத பழைய பலகையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், உடைத்து எரிக்கவும் வேண்டாம், குழந்தைகளுக்கென்று வாங்கிக்கொள்ளவும் வேண்டாம்.